நேபோ மலையில் துணை நின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

அம்மா நேற்று முன்தினம் நலமாக வீடு வந்து சேர்ந்தார். திருத்தலப் பயணத்தின்போது யோர்தான் நாட்டின் நேபோ மலையில் அம்மா நோய்வாய்ப்பட்டதை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அதை மறுபடி எழுதும் மனத்திடம் எனக்கு இன்னும் வரவில்லை.

குழுவினர் எருசலேமுக்குப் புறப்பட்ட பிறகு நாங்கள் இருவரும் மலைக்கு அருகிலுள்ள மதாபா நகரில் தங்கினோம். மருத்துவர் பயணத்துக்கு அனுமதித்த நாளில், நேபோ மலைக்குத் திரும்பிப்போய் மோசே நினைவு ஆலயத்தில் வண்ணக் கற்கள் பதித்த மொசைக் தரையைப் பார்க்க வேண்டும் என்று அம்மா கேட்டார். வாசலில் எங்களை அடையாளம் கண்டுகொண்டு ஓடிவந்தவர், அன்று வெயிலில் தம் தலைத்துணியை விரித்து அம்மாவுக்கு நிழல் பிடித்து நின்ற அதே காவலாளி.

சக்கர நாற்காலியை அவரே தள்ளினார். கி.பி. ஆறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பதிக்கப்பட்டு, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் வேறொரு தளத்தின் கீழ் மறைந்து, 1976இல் மீண்டும் வெளிப்பட்ட தரை அது. அம்மாவுக்குப் பார்வை மங்கல் என்பதைக் கவனித்த அவர், நாற்காலியருகே குந்தி அமர்ந்து, சிங்கத்தோடு போரிடுபவனையும் குதிரை வேட்டைக்காரர்களையும் நெருப்புக்கோழியையும் ஒவ்வொன்றாக விரலால் சுட்டி, அம்மா தலையசைக்கும் வரை காத்திருந்து அடுத்ததற்குப் போனார். மரத்தடியில் அமர்ந்து ஆடு மேய்ப்பவனின் உருவம் வந்ததும் தம் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, நாக்கை மடித்து ஆட்டை அழைக்கும் ஒலியை எழுப்பினார். சாத்தான்குளத்தில் ஆடு மேய்த்த என் தாத்தா அழைக்கும் விதத்தில் அம்மாவும் ஒலியெழுப்பினார். நோய்வாய்ப்பட்ட நாள் முதல் அம்மா சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். பிறகு மோசே வாக்களிக்கப்பட்ட நாட்டைப் பார்த்து நின்றதாகச் சொல்லப்படும் முனைக்கு எங்களை அவர் அழைத்துச் சென்றார். போக முடியாத எருசலேமின் திசை நோக்கி அம்மா நெடுநேரம் ஜெபித்தார்.

அவசர ஊர்தியினர், மருத்துவர்கள், செவிலியர், கைப்பணத்தைத் திரட்டித் தந்த சக பயணிகள், மொழிபெயர்க்கத் தலைநகர் அம்மானிலிருந்து வந்த நம் இளைஞர்கள், அரிசிக் கஞ்சி வைக்கக் கேட்டுக் கற்றுக்கொண்ட விடுதிக்காரப் பெண்மணி, இரவுதோறும் தொலைபேசியில் ஜெபித்த பங்குத்தந்தை என அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அந்தத் தரையில் கல் பதித்த சோயேலோஸ், கயோமோஸ், எலியா ஆகியோரின் பெயர்கள் கிரேக்க எழுத்தில் இருக்கின்றன. ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முந்தைய அவர்களின் பெயரை அறிந்த நான், எங்கள் பக்கத்தில் குந்தி அமர்ந்திருந்தவரின் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன். அந்தக் குறை என்னை உறுத்துகிறது.

வரும் செப்டம்பரில் மணப்பாடு திருச்சிலுவைத் திருவிழாவில், மேட்டில் ஏற முடியாத முதியவர்களுக்கு நாற்காலியும் தண்ணீரும் கொண்டு நிற்பதாக நேர்ந்திருக்கிறேன். நேபோவில் பணிபுரியும் பிரான்சிஸ்கன் துறவியர் வழியாக அந்தக் காவலாளிக்கு அம்மாவின் படத்தை அனுப்பியுள்ளேன். படத்தின் பின்புறம் அம்மா தம் பெயரைத் தமிழில் எழுதி, அதன் கீழே அவர் பெயருக்கு இடம் விட்டிருக்கிறார்.

நன்றியுடன்,
அம்மாவின் மகள்