பயணத்தை நடத்துங்கள்: கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும் நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

நான் நம் கல்லூரியில் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர், அதாவது நிலம், நீர், மரம் சேர்ந்த வெளியிடங்களை வடிவமைக்கும் படிப்பு, படித்தவள், கொழிஞ்சாம்பாறைக்காரி. இந்த வருடச் சிங்கப்பூர் ஸ்டடி டூர் ரத்து என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறீர்கள். ஒரு வரிக் காரணம்கூட அதில் இல்லை.

எங்கள் ஊர்த் தங்கை ஒருத்தி இப்போது நம் கல்லூரியில் படிக்கிறாள். அவள் அம்மா இரண்டு மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். முன்பணம் கட்டுவதற்காக ஆனி மாசம் ஒரு மாட்டை விற்றார். கட்டுத்தறியில் ஒரு முளைக்குச்சி இப்போது சும்மா நிற்கிறது. விவரம் கேட்கப் போன பிள்ளையை அலுவலகத்தில் நான்கு முறை “அடுத்த வாரம் வா” என்று அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் அந்த அம்மா எனக்கு போன் போட்டு, “டூருக்குக் கூட்டிட்டுப் போவாங்களா இல்லையா கண்ணு?” என்று கேட்கிறார். நான் என்ன சொல்ல? பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். பயணத்தை நடத்துங்கள்.

வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம் என்று வகுப்பில் சொன்னார்களாம். சிங்கப்பூரின் பிஷான் பூங்காவை நானும் படத்தில் பலமுறை பார்த்தவள்தான். 2.7 கிலோமீட்டர் நேராக ஓடிய கான்கிரீட் கால்வாயை எடுத்துவிட்டு, 3.2 கிலோமீட்டர் வளைந்து போகும் ஆறாக்கி, 2012-இல் திறந்தார்கள் என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். ஆனால் எங்கள் ஸ்டடி டூரில் அங்கே போன அன்று மழை பிடித்தது. எச்சரிக்கை விளக்கு மின்ன, எல்லோரும் மேட்டுக்கு ஏறினோம். சற்று முன் குழந்தைகள் கல் தாண்டி விளையாடிய இடத்தில் தண்ணீர் புரண்டு, புல்தரை வரை ஏறியது. மழை விட்டதும் வடிந்தது. கரை அப்படியே இருந்தது. குனிந்து கையை விட்டுப் பார்த்தேன், கல்லிடுக்கெல்லாம் வேர்.

எங்கள் ஊர்ப் பள்ளத்துக்கு, அதாவது ஓடைக்கு, இரண்டு பக்கமும் சிமெண்ட் சுவர். ஆடு இறங்கித் தண்ணீர் குடிக்க முடியாது. அப்பத்தா வாளியில் கயிறு கட்டி மொண்டு ஊற்றுவார். வெள்ளத்தைத் தாங்குகிற கரையில் ஆடும் இறங்கலாம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. என் தீசிஸே அந்தப் பள்ளம்தான். நீங்கள்தான் அதை நுழைவாயிலில் காட்சிக்கு வைத்தீர்கள்.

நம் பக்கம் லேண்ட்ஸ்கேப் என்றால், கட்டடம் முடிந்தபின் மிச்சக் காசில் புல் விரிப்பது என்றாகிவிட்டது. பனை நின்ற வரப்பை வெட்டி டைல்ஸ் பதிக்கிறார்கள், குளத்தைச் சுற்றிச் சுவர் எழுப்புகிறார்கள். தண்ணீர் எப்படி வரும், எங்கே நிற்கும் என்று கேட்கத் தெரிந்த பிள்ளைகளைக் கல்லூரி அனுப்பாவிட்டால் வேறு யார் அனுப்புவார்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செலவுதான் சிக்கல் என்றால் வெளிப்படையாகச் சொல்லுங்கள், முன்னாள் மாணவர்கள் எங்களால் ஆனதைச் செய்கிறோம். நாட்களைக் குறைத்தாலும் பரவாயில்லை. பயணத்தை நடத்துங்கள். தயவுசெய்து தேதி போட்டு ஒரு அறிவிப்பு ஒட்டுங்கள், அந்த அம்மாவுக்கு நான் போனில் படித்துக் காட்டுகிறேன். டிசம்பர் என்றால் இன்னும் நல்லது. அங்கே அப்போது நல்ல மழை.

இப்படிக்கு,
முன்னாள் மாணவி, கொழிஞ்சாம்பாறை