ஈ வளர்க்கும் வாத்தியார்

அன்புள்ள சுடலை,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவின் முட்டுவலி அப்படியேதான். பதில் போடாததற்குத் திட்டுவதை நேரில் வைத்துக்கொள்.

நான் ஈ வளர்க்கிறேன், லே. சிரிக்காதே. நம்ம தவளை சார் இருந்திருந்தால் தட்டிக்கொடுத்திருப்பார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பெற்றோர் குணம் பிள்ளைக்கு எப்படி வரும் என்று சொல்லும் மெண்டலின் 3:1 விகிதத்தை மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிட்டு மறந்துவிடுகிறார்கள். கண்ணால் பார்க்கட்டுமே என்று தெரிந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவரிடம் பழ ஈக்கள் வாங்கிவந்தேன். தீனிக்கு ரவை, அகர், ஈஸ்ட். வெல்லத்துக்குப் பதில் உடன்குடிக் கருப்பட்டி. காய்ச்சும் வாசனைக்குத் தலைமையாசிரியர் எட்டிப்பார்த்து "அல்வாவா?" என்றார். நம்மூர் வெயில்தான் பாடாய்ப் படுத்துகிறது. 25 டிகிரியில் முட்டை பத்து நாளில் ஈயாகிவிடும். 30ஐத் தாண்டினால் ஆண் ஈக்கள் மலடாகிவிடும். ஈர மணலில் பானையைப் புதைத்து, அதற்குள் குப்பிகளை வைத்தோம்.

சிறகு சுருங்கிய ஈயை நல்ல ஈயோடு சேர்த்தோம். பிறந்தவை அத்தனைக்கும் நல்ல சிறகு. அவற்றைத் தங்களுக்குள் சேரவிட்டதும், அடுத்த தலைமுறையில் ஏறக்குறைய நாலில் ஒன்று சுருங்கிய சிறகோடு வந்தது. ஒளிந்திருக்கும் அந்த ஜீன் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பிரதியாக வந்தால்தானே வெளியே தெரியும்! வகுப்பே கூச்சல். அந்த உற்சாகத்தில் 1995இல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானி கெஹ்ரிங்கின் குழு செய்ததையும் சொன்னேன்: கண் உருவாகத் தேவையான எலி ஜீன் ஒன்றை ஈயின் காலில் வேலைசெய்ய வைத்தால், அங்கே முளைப்பது ஈக் கண்! ஒருவனும் நம்பவில்லை.

அப்புறம் ஒரு பெண் தனியாக வந்தாள். "எங்கம்மா எங்கப்பாவுக்கு அக்கா மக சார். தம்பிக்குக் காது கேக்காது. அந்த ஈ மாதிரியா?" அவளுக்கும் மாமனைத்தான் பேசி வைத்திருக்கிறார்களாம்.

சொந்தத்தில் கட்டினாலும் பெரும்பாலும் பிள்ளைகள் நன்றாகவே பிறக்கும், காது கேளாமைக்குக் கர்ப்பத்தில் அம்மாவுக்கு வரும் ருபெல்லா அம்மை மாதிரி வேறு காரணங்களும் உண்டு என்றேன். பொய்யில்லை. ஆனால் மாமன், அக்கா மகள் பிள்ளைக்கு ஒரு ஜீனின் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் என்றால் பதினாறில் ஒன்று. இதைக் கரும்பலகையில் எழுதினால் பாதி வகுப்பு வீட்டுக்குப் போய் அம்மா முகத்தைப் பார்க்கும். நான் கட்டியதும் அத்தை மகளைத்தான் என்று அவர்களுக்குத் தெரியும் வேறு. எழுதாமல் விட்டால் அந்தப் பெண்ணுக்கு யார் சொல்வது?

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு எப்படியும் வருவாய். குழந்தை டாக்டர் என்று போர்டு மாட்டிக் காசு பார்த்தது போதும், ஒரு நாள் ஒதுக்கு. அந்தப் பையனைப் பார். மரபணுப் பரிசோதனை எங்கே, என்ன செலவு என்று இப்போதே விசாரித்து எழுது. வகுப்பிலும் ஒரு மணி நேரம் பேசு. ஆனால் பிரசங்கம் வேண்டாம். 'சொந்தத்தில் கட்டாதே' என்று நீ ஆரம்பித்தால், மறுநாளே அவள் அம்மா பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டே நிறுத்திவிடுவாள்.

மதினியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
இசக்கி