சோலார் பேட்டரிகளைக் கழித்துப் போடும் முன் சோதித்துச் சரிசெய்யக் கோரி மனு

அனுப்புநர்:
மலைக் கிராமப் பொதுமக்கள்

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்

பொருள்: சோலார் பேட்டரிகளைச் சோதித்துப் பராமரித்தல், பழுதானவற்றை மட்டும் மாற்றுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊர் காப்புக்காட்டுக்குள் இருப்பதால் மின்கம்பி வரவில்லை. வீடு, பள்ளி, தெருவிளக்கு எல்லாமே அரசு அமைத்துத் தந்த சோலாரில்தான் ஓடுகின்றன. பேனல்களில் குறையில்லை, பேட்டரிகள்தான் தாங்குவதில்லை. ஏழு மணிக்குப் போடும் விளக்கு எட்டரைக்கெல்லாம் மங்கிவிடுகிறது. யானை நடமாடும் ஊர் இது என்பது தங்களுக்கே தெரியும்.

பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்தபின் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அண்மையில் வந்தவர்கள் மூடியைக்கூடத் திறக்காமல், "எல்லாம் டெட், நிதி வந்தால் புதுசு" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். இந்த முடிவைத்தான் மாற்றக் கேட்கிறோம்.

மெக்கானிக் வேலை தெரிந்த எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் டவுனிலிருந்து ஆசிட் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வாங்கி வந்து, பேட்டரிக்குள் இருக்கும் அறைகளை, அதாவது செல்களை, ஒவ்வொன்றாகப் பார்த்தான். முழு சார்ஜில் 1.24 காட்ட வேண்டிய டியூபுலர் பேட்டரிகளில் பல, ஆறு செல்லிலும் ஏறக்குறைய ஒரே அளவாக 1.18 காட்டின. இவை சார்ஜ் போதாமல் கிடக்கின்றன, அவ்வளவுதான். சிலவற்றில் ஐந்து செல் ஒழுங்காக இருந்து ஒன்று மட்டும் 1.10-ஐத் தாண்டவில்லை. அந்த செல் போய்விட்டது, அந்தப் பேட்டரிகளை மாற்றத்தான் வேண்டும். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதுவது சரியல்ல.

தென்மேற்குப் பருவமழையில் வாரக்கணக்கில் வெயில் இருக்காது. அரைகுறை சார்ஜிலேயே கிடக்கும் பேட்டரியில் ஈய சல்பேட் தகடுகளில் படிந்து இறுகிவிடும். மாதம் ஒருமுறை சுமார் 15.5 வோல்ட் வரை ஏற்றி, எல்லா செல்லையும் ஒரே நிலைக்குக் கொண்டுவரும் ஈக்வலைசிங் சார்ஜ் கொடுத்தால் முற்றாத படிவு பெரும்பாலும் கரையும். பேனலிலிருந்து பேட்டரிக்கு ஏறும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் எங்கள் கன்ட்ரோலர் 14.4 வோல்ட்டிலேயே நிறுத்திவிடுகிறது. அதனால் ஈக்வலைசிங் வசதியுள்ள கன்ட்ரோலரோ, ஜெனரேட்டருடன் சார்ஜரோ தேவை. மூடியைத் திறந்து டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றும் வகை ஆசிட் பேட்டரிகளுக்கு மட்டுமே இது பொருந்தும், சீல் செய்தவற்றுக்கு ஆகாது. ஹைட்ரஜன் வெளியேறும் என்பதால் காற்றோட்டமும் வேண்டும்.

பேட்டரியில் தண்ணீர் குறைந்தால் ஊற்ற வேண்டிய டிஸ்டில்ட் வாட்டர் இங்கே கிடைப்பதில்லை. தகடு வெளியே தெரிகிறதே என்று சிலர் ஓடைத் தண்ணீரை ஊற்றிவிட்டார்கள், சொல்லித்தர ஆள் இல்லாததால் வந்த வினை. டெர்மினல்களில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடப்பதை வெந்நீரும் சோடா உப்பும் கொண்டு நாங்களே கழுவி வாசலின் தடவிவிட்டோம். அப்புறம், பள்ளிப் பேனல் மேல் ஒரு மரக்கிளை நிழல் விழுகிறது. அதை வெட்ட வனத்துறை அனுமதி வேண்டும், தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நடந்துவிடும்.

ஆகவே, எல்லாப் பேட்டரிகளையும் தகுந்த ஆளைக் கொண்டு சோதித்து, தேறுபவற்றுக்கு ஈக்வலைசிங் சார்ஜ் கொடுத்து, தேறாதவற்றை மட்டும் மாற்றித் தரவும், ஊர் இளைஞர் இருவருக்குப் பயிற்சியும், ஹைட்ரோமீட்டர், கையுறை, கண்ணாடி, மாதாமாதம் டிஸ்டில்ட் வாட்டரும் வழங்கவும் வேண்டுகிறோம்.

பழைய பேட்டரிகளைச் சில்லறை விலைக்கு வாங்க வேனில் ஆட்கள் வருகிறார்கள். ஆசிட்டை ஓடையோரம் கொட்டி ஈயத்தை மட்டும் எடுத்துப் போவார்களோ என்று பயமாக இருக்கிறது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் மூலமாகவே அவற்றை எடுத்துச்செல்ல உத்தரவிட வேண்டும். மழைக்காலம் தொடங்கும் முன் சோதனையாவது முடிந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்