ஹெரால்டுக்கு அகல டயர்: மச்சானுக்கு ஒரு பதில்

சத்துவாச்சாரி, வேலூர்.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. தங்கச்சிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று படித்ததும் மனசு லேசானது. இங்கே எல்லோரும் நலம். மூத்தவளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, இனி வரன் பார்க்க வேண்டியதுதான். உனக்குப் பிடித்த இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, தெரியுமா? வீட்டில் அந்தக் காயை வாங்கினாலே உன் பேச்சு வந்துவிடும். வெயில் மட்டும் தாங்க முடியவில்லை. பத்து மணிக்கு மேல் வண்டியின் கதவுக் கைப்பிடியைத் தொட முடியாது.

சரி, வண்டி விஷயத்துக்கு வருகிறேன். மாமா ஓட்டிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரை மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவரப்போகிறாய் என்று படித்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. 1961 முதல் நம் வண்டலூர் பக்கம் செய்யப்பட்ட கார் அது. மிக்கலோட்டி என்ற இத்தாலிக்காரர் வரைந்த உருவம். அதைக் கொட்டகையில் துருப்பிடிக்க விடாமல் எடுத்தாயே, அதற்கே உன்னைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்.

மாப்பிள்ளை ஆறு அங்குல அலாய் ரிம்மும் 185/60 டயரும் போடலாம் என்கிறான், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருக்கிறாய். (185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில்; 60 என்பது பக்கச்சுவரின் உயரம், அந்த அகலத்தில் இத்தனை சதவீதம் என்று.) வேண்டாம் என்றுதான் சொல்வேன். பழைய அளவிலேயே கிடக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு படி ஏற்றலாம், ஏற்றத்தான் வேண்டும். ஆனால் நாலரை அங்குல ரிம், அதற்கேற்ற டயர் என்ற அந்த ஒரு படியோடு நிறுத்து. காரணத்தை விவரமாகவே எழுதுகிறேன், அவனிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்.

ஹெரால்டு வந்தபோது 13 அங்குல ரிம், அதன் அகலம் மூன்றரை அங்குலம், மேலே 5.20 அங்குல அளவு பழைய கிராஸ்ப்ளை டயர், அதாவது உள்ளே நூலடுக்குகள் குறுக்கும் மறுக்குமாகப் போகிற டயர். ஈர ரோட்டில் அந்த டயரின் பிடிப்பு போதாது, பள்ளத்தின் ஓரம் கிடைத்தால் அது போகிற பக்கமே வண்டியையும் இழுத்துப் போகும். நூல் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராகப் போகிற ரேடியலுக்கு மாறியதும் நேர் ரோட்டில் வண்டி அடங்கிப் போவது கைக்கே தெரியும். என் ஹெரால்டில் இருப்பது நாலரை அங்குல இரும்பு ரிம், 155/80 டயர். அதன் மொத்த உயரம் 578 மில்லிமீட்டர், பழைய டயரின் உயரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். 175/70 போட்டால் 575. அதுவரைக்கும் பரவாயில்லை. 185/60 என்றால் 552-தான். வண்டி 13 மில்லிமீட்டர் கீழே இறங்கும், ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நிஜத்தில் 57-இல்தான் போவாய், அந்தச் சின்ன 948 சிசி எஞ்சின் அதே வேகத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கத்தும். டயரின் பக்கச்சுவரும் குறைந்துபோகும். நம் ஊர் ஸ்பீடு பிரேக்கர்களுக்கும் குழிகளுக்கும் அந்தச் சுவர்தான் காவல்.

இதெல்லாம்கூடப் பெரிய விஷயமில்லை. நான் பயப்படுவது பின் ஆக்ஸிலை நினைத்துத்தான். அம்பாசடர் மாதிரியோ பத்மினி மாதிரியோ ஹெரால்டுக்கு இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கும் ஒரே உருட்டு ஆக்ஸில் கிடையாது. எஞ்சின் விசையைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு இறுகியிருக்கும். அதிலிருந்து இரண்டு பக்கமும் தனித்தனி அரை ஆக்ஸில், ஒவ்வொன்றுக்கும் உள்பக்கம் மட்டும் ஒரு யுனிவர்சல் ஜாயிண்ட் (மடங்கும் மூட்டு), மேலே குறுக்காக ஒரு பட்டை ஸ்பிரிங். சக்கரம் ஏறி இறங்கும்போது நேராக ஏறி இறங்காது, வில்போல் வளைந்து சாய்ந்துகொண்டே போகும். வேகமாக ஒரு வளைவில் நுழைந்து, பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் மேலே எழும்பும், வெளிப்பக்கச் சக்கரத்தின் அடி உள்ளே மடங்கும், வண்டியின் பின்பாகம் சறுக்கிச் சுற்றிவிடும்.

இதில் அகல டயர் என்ன செய்கிறது என்பதை மாப்பிள்ளை யோசித்துப் பார்க்க வேண்டும். டயரின் பிடிப்பு கூடக் கூட, வளைவில் தரை அந்தச் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும் விசையும் கூடும். பின்பக்கத்தைத் தூக்குவதே அந்த விசைதான். அதாவது சாதாரண டயரில் முதலில் வழுக்கி உன்னை எச்சரிக்கும் வண்டி, பிடிப்பு மிகுந்த டயரில் வழுக்காமல் எழும்பி, அப்புறம் ஒரேயடியாக மடங்கும். மடங்கிய பிறகு அந்த 185 அகலத்தில் தரையில் நிற்பது வெளி ஓரம் மட்டும்தான். குறுகலான, சுவர் உயர்ந்த டயர் இந்தச் சாய்வைப் பொறுத்துக்கொள்ளும். தட்டையான அகல டயர் பொறுக்காது. நம் ஊர்க்காரர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் இந்த ஆக்ஸில் ஒத்துவரவில்லை என்றுதான் 1972-இல் கசல் என்ற அடுத்த மாடல் வந்தபோது கம்பெனியே பின்னால் உருட்டு ஆக்ஸிலுக்கு மாறியது.

அடுத்தது திரும்பும் வட்டம். 25 அடிக்குள் ஒரு முழுக் கார் திரும்பிவிடும் என்பது அந்தக் காலத்தில் ஹெரால்டின் பெரிய பெருமை. ஏலகிரிக்குப் போகும் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் நினைத்துப் பார். பாரதியார், கம்பர் என்று வளைவுக்கு ஒரு புலவர் பெயர் எழுதியிருக்கும். பெரிய கார்க்காரர்கள் அகல ஒதுங்கி ஏறுகிற இடத்தில் ஹெரால்டு தன் பாதியை விட்டு அந்தப் பக்கம் போகாது. முன்சக்கரம் அவ்வளவு தூரம் மடங்குவதால்தான் அது முடிகிறது. அகல டயர் போட்டால் முழு லாக்கில், அதாவது ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பும்போது, டயரின் உள் ஓரம் சேஸிஸில் உரசும். உரசாமல் இருக்க ஸ்டியரிங்கை முன்கூட்டியே நிறுத்த வேண்டியிருக்கும். இந்தக் காரின் மிகச் சிறந்த குணத்தை அழகுக்காக விற்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது, மச்சான்.

ரிம் விஷயத்தில் இன்னும் இரண்டு சங்கதி. ஹெரால்டுக்கு ரிம்மை மாட்டி இறுக்கும் ஸ்டட் நாலு, அவை நிற்கும் வட்டம் 95.25 மில்லிமீட்டர். இன்றைய சின்ன கார்களில் அது பெரும்பாலும் 100 அல்லது 114.3. ஓட்டையை இழுத்துப் பெரிதாக்கித் தருகிறேன், நடுவில் அடாப்டர் வைத்துத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடு. அடுத்து, மூன்றரையிலிருந்து ஆறு அங்குலம் என்றால் இரண்டரை அங்குலம் எங்கேயாவது போக வேண்டும். உள்ளே இடமில்லாததால் முக்கால்வாசி வெளியே தள்ளித்தான் போடுவார்கள். சக்கரம் வெளியே போன அளவுக்கு வீல் பேரிங்குக்கும் அரை ஆக்ஸிலுக்கும் நெம்புகோல் வைத்த மாதிரி பாரம் ஏறும், ஸ்டியரிங் கனக்கும், ஒவ்வொரு குழியும் கையில் உதைக்கும். நாலரை ரிம்முக்கு இந்தத் தொல்லை இல்லை, இரண்டு பக்கமும் அரை அங்குலம்தான் கூடும். பிரிட்டனில் பிற்கால ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரின் நாலரை ரிம் இன்னும் கிடைக்கிறது, அதே நாலு ஸ்டட் அளவுதான்.

எந்த டயர் போட்டாலும், முன்சக்கரத்தின் கீழே இருக்கும் டிரன்னியனை முதலில் பார். வெண்கலத்தில் மரை வெட்டின துண்டு அது, ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அதற்குள் தண்டு சுழலும். கிரீஸ் கன்னைப் பார்த்ததும் நம் பையன்கள் கிரீஸை அடித்துவிடுவார்கள். அதற்குப் போக வேண்டியது 90 கியர் ஆயில். எண்ணெய் இல்லாமல் தண்ணீர் இறங்கினால் மரை அரித்து, ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் படுத்துவிடும். ஆயில் கன்னால் அடித்தால் ஓரத்தில் பழைய கறுப்பு எண்ணெய் கசிந்து, அப்புறம் புதுசு சுத்தமாக வெளியே வரும். அதுவரை அடி.

டயர் உரசுகிறதா என்று பார்க்க நான் செய்வதைச் சொல்கிறேன். மட்கார்டின் உள் விளிம்பில் கோலமாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவி உலரவிடு. டிக்கியில் இரண்டு அரிசி மூட்டை, பின் சீட்டில் இரண்டு பேர். ஒரு ஸ்பீடு பிரேக்கரில் ஏற்றி இறக்கு, அப்புறம் இரண்டு பக்கமும் முழு லாக் அடித்து ஒரு சுற்றுச் சுற்று. மாவு எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே டயர் தொடுகிறது. முன்பக்க மட்கார்டு பானெட்டோடு சேர்ந்தே தூக்கிக்கொள்ளும் என்பதால் பார்ப்பது சுலபம். பானெட்டை மூடும்போது அது தன் இடத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று மட்டும் கவனி.

டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் நாலு இலக்க எண்ணைப் பார். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருஷம் 23-ஆம் வாரம் செய்தது. கடையில் வருஷக்கணக்காகக் காய்ந்த டயர் வேண்டாம். பழைய ரிம்மில் டயரின் ஓரத்தைப் பிடித்து நிறுத்தும் மேடு இல்லை, அதனால் ட்யூப் போட்டே ஓட்டு. நாலும் ரேடியலாகவே போடு. காற்று முன்னைவிடப் பின்னால் நாலைந்து பவுண்டு கூடுதலாக இருக்கட்டும், இந்த ஆக்ஸிலுக்கு அது அவசியம்.

மாமாவின் பழைய ரிம் நாலையும் ஸ்டெப்னியையும் விற்றுவிடாதே. சட்டப்படி வண்டியின் மூல விவரத்தை மாற்றக் கூடாது, 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. 2021-இல் வந்த விதிப்படி, ஐம்பது வருஷம் தாண்டிய வண்டியைப் பழமையான வாகனம் என்று தனியாகப் பதியலாம். அதற்கு வண்டி அசல் உருவில் இருக்க வேண்டும். ஆனால் அப்படிப் பதிந்தால் அன்றாடம் ஓட்ட முடியாது. உன் வண்டி 1969 மாடல் என்பதால் உனக்கு அந்த வழியும் இருக்கிறது. அன்றாடம் ஓட்டுவதா, பழமையான வாகனமாகப் பதிவதா, இரண்டில் எது என்று நிதானமாக முடிவு செய்.

இப்போதைக்கு ரிம்மின் உள் அகலத்தை மட்டும் அளந்து எழுது. டயர் உட்காரும் விளிம்புக்கும் விளிம்புக்கும் நடுவே அளக்க வேண்டும், வெளி ஓரம் கணக்கில் சேராது. மாமா யாரிடமாவது ரிம்மை மாற்றியிருக்கவும் கூடும். அது தெரிந்தால் டயருக்கு நானே ராணிப்பேட்டையில் விசாரித்து விலை சொல்கிறேன். மாப்பிள்ளையிடம் கோபித்துக்கொள்ளாதே. தாத்தா வண்டியில் அவனுக்கு ஆசை வந்ததே நமக்குப் பெரிய சந்தோஷம். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உன் பெஞ்சுத் தோழன்