பயிற்சி முகாமுக்குப் புறப்படும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

கனேடியப் படையின் மருத்துவப் பிரிவுக்கு நீ தெரிவாகிவிட்டாய் என்றும், அதற்கு முன்பாக எல்லோருக்கும் பொதுவான அடிப்படைப் பயிற்சிக்காகக் கியூபெக்கில் உள்ள சென்-ஜோன்-சுர்-ரிஷலியூ முகாமுக்குப் போக வேண்டும் என்றும் நீ எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நீ கேட்டிருந்தது இரண்டு கேள்விகள்: உடம்பை எப்படித் தயார்படுத்துவது, மனதை எப்படித் தயார்படுத்துவது. இலங்கையின் தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் வாழ்நாளைக் கழித்தவன் என்பதால் முதலாவதற்கு ஓரளவு நம்பிக்கையோடு பதில் எழுதுகிறேன். இரண்டாவதற்கு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

நீ அனுப்பிய உடற்தகுதிச் சோதனை விவரத்தைப் படித்தபோது எனக்குப் பிடித்திருந்தது, அதில் ஆணுக்கு ஓர் அளவு, பெண்ணுக்கு ஓர் அளவு என்று இல்லாததுதான். குப்புறப் படுத்த நிலையிலிருந்து எழுந்து ஓடி, பத்து மீற்றருக்கு ஒரு முறை மறுபடியும் படுத்தெழுந்து, 80 மீற்றரை 51 செக்கனுக்குள் கடக்க வேண்டும். 20 கிலோ மணல்மூட்டையை ஒரு மீற்றர் உயரத்துக்கு 30 தடவை மூன்றரை நிமிடத்துக்குள் தூக்க வேண்டும். மூட்டையோடு ஒரு சுற்று, வெறுங்கையோடு ஒரு சுற்று என்று மாறி மாறி 400 மீற்றரை 5 நிமிடம் 21 செக்கனுக்குள் முடிக்க வேண்டும். கடைசியாக ஒரு மூட்டையை ஏந்திக்கொண்டே குறைந்தது நான்கு மூட்டைகளை 20 மீற்றர் தூரத்துக்கு நிற்காமல் இழுக்க வேண்டும். தலையில் கயிறு மாட்டி, கொழுந்தை முதுகில் சுமந்து, ஈரச் சரிவில் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு இறங்கி வந்த பெண்களின் வீட்டுப் பிள்ளை நீ என்று உன் சித்தி பெருமையாகச் சொல்கிறாள். அவள் சொல்லட்டும். இரத்தத்தில் வருகிற பலம் என்று ஒன்று கிடையாது. நீ பல வருடங்களாகக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாய். அந்தப் பெண்களின் முதுகு நாற்பது வயதில் எந்த நிலையில் என்னிடம் வந்தது என்பதும் எனக்குத் தெரியும். மூட்டையைத் தூக்கும்போது முதுகை வளைக்காதே. இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, முழங்காலை மடக்கி, மூட்டையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு எழு. முதலில் பத்து கிலோவில் பழகு. அரிசிப் பையைப் பழைய தோள்பைக்குள் வைத்துக் கட்டினால் போதும், அதற்கென்று காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை.

நான் அதிகம் வற்புறுத்தி எழுத விரும்புவது எலும்பைப் பற்றி. ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே மூச்சு பழகிவிடும். தசை அடுத்துப் பழகும். எலும்பு மட்டும் மிகவும் பின்தங்கியே வரும். புதிய சுமை ஏறும்போது எலும்பு முதலில் தன் பழைய பகுதியை அரித்தெடுத்துவிட்டு, அதன் பிறகுதான் அந்த இடத்தில் புதியதைக் கட்டுகிறது. அரிப்பு சில வாரங்களில் முடிந்துவிடும், கட்டி முடிக்கவோ மாதங்கள் வேண்டும். இந்த இடைவெளியில் எலும்பு பலவீனமாக இருக்கும்போது, மூச்சு வாங்கவில்லையே என்ற தைரியத்தில் தூரத்தையும் சுமையையும் கூட்டிக்கொண்டே போனால், கணைக்கால் எலும்பிலோ பாதத்தின் நீள எலும்புகளிலோ மயிரிழை போல வெடிப்பு விழுந்துவிடும். ப்ரைட்ஹௌப்ட் என்ற பிரஷ்ய இராணுவ வைத்தியர் 1855இலேயே அணிவகுப்புச் சிப்பாய்களின் வீங்கிய பாதங்களைப் பற்றி எழுதினார். எக்ஸ்றே கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் அது எலும்பு வெடிப்பு என்பது உறுதியானது. இன்றைக்கும் பயிற்சி முகாம்களில் ஆட்களைப் பாதியில் படுக்க வைக்கிற காயங்களில் இது முக்கியமானது, ஆண்களை விடப் பெண்களுக்கே கூடுதலாக வருகிறது. ஆகவே இன்றைக்கே தொடங்கு, ஆனால் மெதுவாகத் தொடங்கு. சுமையில்லாத நடை, பிறகு நடையும் ஓட்டமும் கலந்தது, பிறகு சுமையோடு நடை என்று போ. தூரத்தைக் கூட்டுகிற வாரத்தில் சுமையைக் கூட்டாதே. மூன்று வாரம் ஏற்றினால் நான்காவது வாரம் குறைத்துக்கொள். கால் முழுவதும் பரவலாக வலித்தால் அது தசை, ஓரிரு நாளில் போய்விடும். ஒரு விரல் நுனியால் அழுத்திக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் வலித்து, அது நாளுக்கு நாள் கூடி, இரவில் படுத்திருக்கும்போதும் தெரிந்தால், அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போ.

சாப்பாட்டையும் இதோடு சேர்த்தே சொல்ல வேண்டும். மெலிய வேண்டும் என்பதற்காக இந்த மாதங்களில் சாப்பாட்டைக் குறைக்காதே; செலவழிக்கிற அளவுக்கு உணவு உள்ளே போகாத உடம்பு முதலில் மாதவிடாயை நிறுத்தும், அடுத்து எலும்பில் கைவைக்கும். அமெரிக்கக் கடற்படையில் பயிற்சிக்குச் சேர்ந்த பெண்களிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கல்சியமும் விற்றமின் டியும் தினமும் எடுத்தவர்களுக்கு இந்த வகை எலும்பு வெடிப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நம்முடைய நிறத்துக்குக் கனடாவின் குளிர்கால வெயில் போதாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள். போவதற்கு முன் இரத்தம் சோதித்துக்கொள், ஹீமோகுளோபினை மட்டுமல்லாமல் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் சேமிப்பு காலியாகிக் கிடக்கிற பெண்கள் ஏராளம். மருந்தகத்துக்கு வருகிற பெண்களின் கீழிமையை இழுத்துப் பார்ப்பதும், வெளுத்திருந்தால் இரும்பு மாத்திரை கொடுப்பதும், சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடிக்காதீர்கள் என்று சொல்வதும் என் தினசரி வேலையாக இருந்தன. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ளாமல் தடுத்துவிடும். தேயிலையை வைத்துப் பிழைக்கிற ஊரில் நின்றுகொண்டு இதைச் சொன்னால் யார் கேட்பார்கள்? நீயாவது கேள்: பிளேன்டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு அப்பால் தள்ளி வை.

சிறுமியாக இருந்தபோது நல்லதண்ணி வழியாக எங்களோடு சிவனொளிபாதமலை ஏறினாயே, ஏறும்போது ஒன்றும் ஆகாமல் மறுநாள் லயத்து வாசற்படியில் இறங்க முடியாமல் அழுதது ஞாபகம் இருக்கிறதா? ஏற்றம் மூச்சைத்தான் சோதிக்கும், தொடையைச் சோதிப்பது இறக்கம். நீ இருக்கிற அடுக்குமாடிக் கட்டடத்தில் படியேறிவிட்டு மின்தூக்கியில் இறங்கி வருவதாகச் சொன்னாய். இனிமேல் இறங்குவதும் படியிலேயே இருக்கட்டும், கொஞ்சம் சுமையோடு.

சப்பாத்து விஷயத்தில் சோம்பல் கூடாது. கொடுக்கப்படுகிற சப்பாத்து அரை அளவு கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் கூச்சப்படாமல் உடனே மாற்றிக் கேள். பிறகு கேட்பதற்கு நேரம் இருக்காது. ஈரமான காலுறையோடு ஒரு மணித்தியாலம் நடப்பதை விட, இரண்டு நிமிடம் நின்று மாற்றுவது மேல். தோல் சூடாக உரசுவது போலத் தெரிந்தவுடனேயே அந்த இடத்தில் பிளாஸ்டர் ஒட்டு, கொப்புளம் வரும் வரை காத்திருக்காதே. வந்துவிட்டால் மேல்தோலை உரித்தெடுக்கக் கூடாது, சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வெளியேற்றிவிட்டுத் தோலை அப்படியே படிய வைத்து மூடு. நகத்தை நேராக வெட்டு. தூக்கத்தைப் பற்றி ஒரு வரி போதும்: அங்கே விடியற்காலையில் எழுப்புவார்கள், ஆகவே கைபேசியை வைத்துவிட்டுப் பத்து மணிக்குப் படுக்க இப்போதே பழகு.

இனி மனம். முதல் நாளிலிருந்தே உன் முகத்துக்கு நேரே சத்தம் போடுவார்கள். படுக்கை விரிப்பின் மடிப்பு ஒரு விரற்கடை விலகியிருந்தால் முழுவதையும் கலைத்துவிட்டு மறுபடியும் விரிக்கச் சொல்வார்கள். ஒருத்தி பிந்தினால் குழு முழுவதும் தண்டனைப் பயிற்சி செய்ய வேண்டியிருக்கும். நம் குடும்பத்துக்குச் சத்தம் புதிதல்ல. விடியற்காலைத் தப்புப் பறையின் சத்தத்தில் எழும்பி, ஆள்கணக்கு எடுக்கிற பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்று, பேர் கூப்பிட்டபோது பதில் சொல்லி, கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர் என்ற அரைநாள் சம்பளத்தை வாங்கிக்கொண்டு திரும்பியவர்கள் நாம். தோட்டத்தை நடத்துகிற துரையின் ஜீப்பைக் கண்டதும் உன் தாத்தா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன். இப்படிப்பட்ட வீட்டிலிருந்து போகிறவர்களுக்கு அங்கே இரண்டு விதமான ஆபத்து உண்டு: ஒன்று, பழைய பழக்கத்தில் உள்ளுக்குள்ளேயே குனிந்துபோவது, மற்றது, பரம்பரைக் கோபம் முழுவதையும் யாரோ ஒரு சார்ஜன்ட் மேல் கொட்டுவது. இரண்டையும் தவிர்க்க வேண்டுமானால், அந்தச் சத்தமும் இந்தச் சத்தமும் ஒன்றல்ல என்பது உனக்குத் தெளிவாக விளங்கியிருக்க வேண்டும்.

தோட்டத்துச் சத்தம், நீ இப்படிப்பட்டவள், என்றைக்கும் இப்படித்தான் இருப்பாய் என்று சொன்ன சத்தம். அதற்கு முடிவுத் திகதி இருக்கவில்லை, துரையின் பிள்ளை மேல் அது விழுந்ததுமில்லை. நீ போகிற இடத்தில் அது ஒரு பயிற்சி முறை. நேரத்தைச் சுருக்கி, தூக்கத்தைக் குறைத்து, இதயத்தைப் படபடக்க வைத்து, அந்த நிலையிலும் கை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கிறார்கள். நாளைக்கு ஒருவன் இரத்தம் பெருக்கெடுத்துக் கிடக்கும்போது அவனுக்குக் கட்டுப் போட வேண்டியவள் நீ. சுற்றிலும் அப்போது அமைதியாக இருக்கப்போவதில்லை. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் உனக்கும் அங்கே ஒரே சத்தம்தான், முடிகிற திகதியும் நீயே கையெழுத்திட்ட தாளில் இருக்கிறது. ஆகவே சொல்லப்பட்டதை எடுத்துக்கொள், சொன்ன தொனியை விட்டுவிடு. பதில் சொல்ல வேண்டிய இடத்தில் உரத்த குரலில் சொல். விளக்கம் கேட்காத இடத்தில் விளக்கம் கொடுக்காதே. இது உனக்குக் கஷ்டம், சின்ன வயதிலிருந்தே நீ விளக்கம் சொல்கிறவள்.

ஆனால் ஓர் எல்லை இருக்கிறது. உன் நிறத்தையோ, மொழியையோ, பெண் என்பதையோ வைத்து ஒருவர் பேசினாலும், தொடக்கூடாத இடத்தில் ஒரு கை பட்டாலும், அது பயிற்சி அல்ல. கனேடியப் படைக்குள் பெண்களுக்கு நடந்த பாலியல் அத்துமீறல்களைப் பற்றி அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதியரசர்களான மரி டெஷாம் 2015இலும் லூயிஸ் ஆர்பர் 2022இலும் வெளிப்படையான அறிக்கைகளை எழுதியிருக்கிறார்கள். அவற்றைப் போவதற்கு முன்பே படித்து வை. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, எதைச் சகிக்க வேண்டும், எதைச் சகிக்கக் கூடாது என்ற கோட்டை, தூக்கமில்லாமல் களைத்துக் கிடக்கிற நேரத்தில் வரைய முடியாது, இப்போதே வரைந்துகொள்ள வேண்டும். அப்படி ஏதும் நடந்தால் நாள், நேரம், இடம், அருகில் இருந்தவர் யார் என்பதை அன்றே எழுதி வைத்து முறையிடு.

பயிற்சிக் காலம் முழுவதையும் ஒரேயடியாக எண்ணிப் பார்த்து மலைத்துப்போகாதே. கொழுந்தெடுக்கிறவர்கள் மலை முழுவதையும் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை, தங்களுக்குப் பிடித்துக் கொடுத்த தேயிலைச் செடி நிரையில்தான் கண் இருக்கும். உனக்கும் காலைச் சாப்பாடு வரைக்கும் ஒரு நிரை, மதியம் வரைக்கும் ஒரு நிரை.

படையில் சேருவது சரிதானா என்று நீ கேட்கவில்லை, நானும் அதைப் பற்றி நீட்டி எழுதப்போவதில்லை. சீருடையைக் கண்டால் அம்மாவின் கை இன்னமும் பைக்குள் அடையாள அட்டையைத் தேடுகிறது. யுத்தகாலத்துச் சோதனைச் சாவடிகள் அவளை விட்டுப் போகவில்லை. இரயிலில் பதுளைக்குப் போகும்போது தியத்தலாவை இராணுவப் பயிற்சிக் கழகம் வந்தால் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான நம்மை நாடற்றவர்களாக்கியது, உன் தாத்தா அந்த நிலையிலேயே கண்ணை மூடினார். நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களுக்கும் கனேடியப் படை 2022இல் கதவைத் திறந்தது என்று நீ சொன்னபோது, பிரஜையாவதற்கு முன்பே ஒரு நாடு ஒருத்தியை நம்பி இவ்வளவு பொறுப்பைக் கொடுக்குமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. துப்பாக்கியை நான் விரும்பியவன் அல்லன்; நீ மருந்துப் பையோடு போவதால் என்னால் இதை ஏற்றுக்கொள்ள முடிகிறது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அங்கே அடிபட்டால் மறைக்காதே. வலியை ஒளித்துக்கொண்டு ஓடுகிறவர்கள் கடைசியில் மாதக்கணக்கில் படுக்கிறார்கள். ஆரம்பத்திலேயே சொல்லி, குணமடைந்து, பின்னால் வருகிற குழுவோடு சேர்ந்து முடித்தாலும் அது முடித்ததுதான். ஊரில் யாராவது ஏன் பிந்தியது என்று கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

பயிற்சியின் தொடக்கத்தில் கைபேசி கையில் இருக்காது என்று எழுதியிருந்தாய். அதை என்னிடம் சொன்னது போதாது. போவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்து, இத்தனை நாள் பேச முடியாது, அவசரமென்றால் முகாமே இந்த இலக்கத்துக்கு அறிவிக்கும் என்று நீயே அவளிடம் கதைத்துவிடு. தம்பியின் இலக்கத்தையும் அவசரத் தொடர்புக்குக் கொடுத்து வை. மழை நாட்களில் இந்தப் பள்ளத்தில் என் போனுக்கு சிக்னல் வருவதில்லை.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா