பிளேடும் ஊசியும்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நுண்ணுயிரியலில் மேற்படிப்புக்குச் சேர்ந்திருப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. கொரோனாவுக்கு முன்பு நம்மை இப்படி ஆட்டிவைத்த வைரஸ் ஏதேனும் உண்டா என்று அவள் கேட்டதாக எழுதியிருந்தாய். எச்.ஐ.வி.யை நாம் எவ்வளவு விரைவாக மறந்துவிட்டோம், பார்!

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரி முதுநிலை மாணவி நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னதன்பேரில் பாலியல் தொழிலாளர்களிடம் இரத்த மாதிரிகளைச் சேகரித்து, வீட்டு ஃபிரிட்ஜில் பாதுகாத்து, இரவு ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்த கதையை அவளுக்குச் சொல். ஆறு மாதிரிகளில் தொற்று இருந்தது. அதுவரை அதை மேல்நாட்டு நோய் என்றல்லவா நினைத்திருந்தோம்!

பயம் வந்ததும் பழக்கங்கள் மளமளவென்று மாறின. தோல்வாரில் தீட்டிய ஒரே கத்தியால் ஊருக்கெல்லாம் சவரம் செய்த நம் கடைத்தெரு சலூன்காரர், உறையைப் பிரித்துப் புது பிளேடை நம் கண்ணெதிரே இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைக் கத்தியில் செருகத் தொடங்கினார். ஒடிக்கும் சத்தம் கேட்காவிட்டால் நான் இன்றும் தலையை நிமிர்த்திக் கொடுப்பதில்லை. வெந்நீரில் கொதிக்கவைத்த கண்ணாடி ஊசியும் வழக்கொழிந்தது. ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்கு நாம் திருதிருவென்று விழித்ததும் அப்போதுதான்.

மனிதர்கள் பழகும் விதம் மட்டும் அத்தனை எளிதில் மாறவில்லை. தொற்றுக்கு ஆளான எங்கள் தெரு லாரி ஓட்டுநர் ஒருவர், 2004-இல் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தை அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபின், உள்ளூரில் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று தாம்பரம்வரை போய் வாங்கிவந்து, மாத்திரைப் புட்டியின் தாளைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வைப்பார். உடம்பு தேறி மீண்டும் வண்டி ஓட்டினார். ஆனாலும் சொந்த அண்ணன் வீட்டிலேயே அவருக்குத் தனி டம்ளர்தான். ஒரே டம்ளரில் குடிப்பதால் இது தொற்றாது என்பது படித்த அந்த அண்ணனுக்குத் தெரியாததல்ல. மருந்தைத் தவறாமல் உட்கொண்டு வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவின் வழியாகக்கூடத் தொற்று பரவாது என்று இன்று உறுதியாகியுள்ளது. பாகுபாட்டைத் தடுக்க 2017-இல் சட்டமும் வந்தது. டம்ளர் விஷயத்தில் அது என்ன செய்யும்?

சுனிதி சாலமன், தொற்றுள்ளவர்களுக்குள்ளேயே வரன் பார்த்துத் திருமணமும் முடித்துவைத்தார். எனக்கு அவருடைய ஆய்வைவிட இதுவே பெரிதாகத் தோன்றுகிறது. பேத்தி ஒப்புக்கொள்ள மாட்டாள். அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
இராமலிங்கம்