ஆண்டு விழாவில் பலூனும் பறக்கும் விளக்கும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஆண்டு விழா வேலைகள் மும்முரமாக நடக்கின்றன. நடனம், நாடகம், மேடை அலங்காரம் எல்லாவற்றையும் பிள்ளைகளும் ஆசிரியர்களும் பார்த்துக்கொள்கிறார்கள். இந்தக் கடிதம் என்னிடம் வந்திருக்கும் இரண்டு கோரிக்கைகளைப் பற்றி மட்டும்.

விழா தொடங்கும்போது பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஹீலியம் பலூன்களை வானில் விடலாம், ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயரும் பள்ளி விலாசமும் எழுதிய அட்டையைக் கட்டலாம் என்று பெற்றோரில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். செலவையும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களோ, விழா முடிந்து இருட்டியதும் ஸ்கை லான்டர்ன் எனப்படும் பறக்கும் விளக்குகளை விட்டுப் பள்ளிக்கு விடை சொல்ல ஆசைப்படுகிறார்கள். இரண்டுக்கும் அனுமதி இல்லை. காரணம் சொல்லாமல் மறுத்தால், "தலைமையாசிரியர் எதற்கெடுத்தாலும் வேண்டாம் என்பார்" என்ற பேச்சுதான் மிஞ்சும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கைவிட்டுப் போன பலூன் உயரப் போகப் போக வெளியே காற்றழுத்தம் குறையும், பலூன் உப்பும். மேலே குளிரும் கடுமையாக இருப்பதால் ரப்பர் விறைத்து ஒரு கட்டத்தில் வெடித்துச் சிதறும். நன்றாக ஊதிக் கட்டிய பலூனின் கதை இது. பாதி ஊதியது, முடிச்சில் கசிவது, மரத்தில் சிக்கியது எல்லாம் அந்த உயரத்துக்கே போவதில்லை. காற்று எங்கே தள்ளுகிறதோ அங்கே சுருங்கி விழும். எப்படிப் பார்த்தாலும் கீழே வந்துதான் ஆக வேண்டும். நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வருகிறது, அவ்வளவுதான். நாம் ஒரு கை குப்பையை வகுப்பறை ஜன்னல் வழியாக வீசினால் பிள்ளைகளே கண்டிப்பார்கள். அதையே மேல்நோக்கி வீசினால் கைதட்டுகிறோம். இதில் பிள்ளையின் பெயரும் நம் பள்ளி விலாசமும் எழுதிய அட்டை வேறு. யார் போட்ட குப்பை என்று விசாரிக்கும் வேலைகூட மிச்சம்!

யாரோ எங்கோ விட்ட பலூன் ஒன்று நம் விளையாட்டுத் திடல் வேலியில் சிக்கியிருந்தது. அறிவியல் ஆசிரியர் அதை எடுத்து ஆய்வகத்தில் ஒரு தட்டில் வைத்திருக்கிறார். வாய்ப் பகுதியும் முடிச்சும் இன்னும் கெட்டியாக இருக்கின்றன. அதற்குக் கீழே ரப்பர் நீள நீளக் கீற்றுகளாகக் கிழிந்து தொங்குகிறது. நிறம் வெளுத்துவிட்டது, தொட்டால் லேசாக ஒட்டுகிறது. கூடவே ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கிளிப்பும், கசங்கிய நீள ரிப்பனும். ரிப்பனின் பளபளப்பு மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. அந்தக் கிழிந்த பலூனைத் தண்ணீர் நிறைந்த கண்ணாடித் தொட்டியில் போட்டுக் காட்டியபோது ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சட்டென்று "ஜெல்லிமீன்" என்றாள். கடலாமைக்கும் அப்படித்தான் தெரிகிறது. ஜெல்லிமீன் அதற்குப் பிடித்த உணவு. விழுங்கிய ரப்பர் குடலை அடைத்துக்கொண்டால், வேறு இரை எடுக்க முடியாமல் மெல்ல மெல்லச் சாகும்.

கடற்பறவைகளின் நிலையும் இதேதான். ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் இறந்த பறவைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை அறுத்துப் பார்த்து 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கெட்டியான பிளாஸ்டிக் துண்டை விழுங்கிய பறவையைவிட, பலூன் துண்டை விழுங்கிய பறவை சாவதற்கான வாய்ப்பு 32 மடங்கு அதிகம் என்று தெரியவந்தது. கெட்டித் துண்டு பல நேரங்களில் வயிற்றைத் தாண்டி வெளியேறிவிடும். பலூன் ரப்பர் மென்மையானது, நசுங்கும், வழியை அப்படியே அடைத்துக்கொள்ளும். ரிப்பனும் நூலும் காலிலும் சிறகிலும் சுற்றிக்கொள்ளும் தொல்லை தனி.

"இது மரத்துப் பாலில் செய்த இயற்கை ரப்பர், மக்கிவிடும் என்று உறையிலேயே போட்டிருக்கிறதே" என்று ஒரு தந்தை நேரிலேயே கேட்டார். நியாயமான கேள்வி. மரத்திலிருந்து வடியும் பால் மக்கும். ஆனால் பலூனாக வருவதற்கு முன் அதில் கந்தகம், சாயம், கெட்டுப்போகாமல் காக்கும் ரசாயனங்கள் எல்லாம் சேர்க்கிறார்கள். அப்படிச் சேர்ப்பதே அது சீக்கிரம் அழியாமல் இருக்கத்தான்! ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் இத்தகைய பலூன்களை நன்னீரிலும் உப்புநீரிலும் உரக்குவியலிலும் 16 வாரம் போட்டுப் பார்த்தார்கள். சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மக்கவில்லை. பளபளக்கும் ஃபாயில் பலூன் மக்கவே மக்காது. மேலே உலோகப் பூச்சு இருப்பதால் மின்கம்பியில் பட்டால் ஊரே இருட்டாகிவிடும்.

ஹீலியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூமிக்கடியில் யுரேனியம், தோரியம் போன்றவை கோடிக்கணக்கான ஆண்டுகள் சிதைந்து சேர்ந்த வாயு அது. காற்றில் கலந்துவிட்டால் திரும்பப் பிடிப்பது மிகக் கடினம். மெதுவாக விண்வெளிக்கே தப்பிவிடும். மருத்துவமனை எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தத்தை மைனஸ் 269 டிகிரியில் குளிர்விப்பது இந்த ஹீலியம்தான். விலை குறைவு என்று அதற்குப் பதில் ஹைட்ரஜன் நிரப்பித் தருகிறவர்களும் உண்டு. அதைப் பிள்ளைகள் பக்கத்தில் கொண்டுவர ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். ஒரு பொறி பட்டால் போதும், தீப்பந்தாகிவிடும்.

பெரிய அளவில் பலூன் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரம் உதாரணம். 1986 செப்டம்பர் 27 அன்று, நிதி திரட்டும் நல்ல நோக்கத்துக்காகத்தான், சுமார் 15 லட்சம் பலூன்களை ஒரே நேரத்தில் விட்டார்கள். மழைக்காற்று குறுக்கே வந்து, அத்தனையையும் கீழே அழுத்திவிட்டது. விமான ஓடுபாதையைக் கொஞ்ச நேரம் மூட வேண்டியதாயிற்று. ஈரி ஏரியில் காணாமல்போன இரண்டு மீனவர்களைத் தேடிப் போனவர்களுக்குத் தண்ணீரில் மிதப்பது தலையா பலூனா என்று தெரியவில்லை. பின்னர் இருவரின் உடல்களும் கரை ஒதுங்கின. நாம் விடப்போவது சில நூறுதானே என்பீர்கள். சரிதான். ஆனால் ஓர் ஆமைக்கு ஒரே ஒரு பலூன் போதும்.

இனி விளக்குக்கு வருகிறேன். மெல்லிய காகிதக் கூடு, கம்பி அல்லது மூங்கில் வளையம், நடுவில் மெழுகில் ஊறிய எரிதுண்டு. நெருப்பைப் பற்றவைத்து, எங்கே இறங்கும் என்று தெரியாமல் அனுப்பிவிடுகிறோம். காகிதம் எரிந்தோ நனைந்தோ போனாலும் கம்பி வயலில் கிடக்கும். புல்லோடு அதை விழுங்கும் மாட்டின் இரைப்பையைக் குத்தும், சில நேரம் இதயம்வரை ஏறும். கம்பி இல்லாத, மூங்கில் வளையம் மட்டும் உள்ள விளக்கு என்றால் பரவாயில்லையா? மூங்கிலும் உடனே மக்குவதில்லை. நெருப்பு அதே நெருப்புதான்.

இங்கிலாந்தின் ஸ்மெதிக்கில் 2013இல் ஒரே ஒரு விளக்கு பிளாஸ்டிக் மறுசுழற்சிக் கிடங்கில் வந்து இறங்கியது கண்காணிப்புக் கேமராவில் பதிவாகியிருக்கிறது. சுமார் ஒரு லட்சம் டன் பொருள் பற்றிக்கொண்டது. இருநூறுக்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் போராடினார்கள். 2020 புத்தாண்டு பிறந்த இரவில் ஜெர்மனியின் கிரெஃபெல்ட் விலங்குக் காட்சிசாலையில் குரங்கினங்களின் கூடம் எரிந்தது. ஒராங்குட்டான், கொரில்லா உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட விலங்குகள் மாண்டன. அந்த மாநிலத்தில் இவ்விளக்குகளுக்கு ஏற்கெனவே தடை இருந்தது. விட்டவர்கள் ஒரு தாயும் இரண்டு மகள்களும். செய்தியைக் கேட்டு அவர்களே காவல்நிலையத்துக்குப் போனார்கள். கெட்ட எண்ணம் எதுவும் அவர்களுக்கு இருந்திருக்காது. நம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இல்லை. இதைத்தான் அவர்களிடமும் சொன்னேன்.

உலகம் முழுக்க இப்போது இப்படித்தான் போகிறது. தீ விபத்தை உண்டாக்கக் கூடிய பறக்கும் பலூன்களைச் செய்வதும் விற்பதும் விடுவதும் பிரேசிலில் 1998 முதல் குற்றம். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஒரு நாளில் ஒன்பது பலூன்வரை விடலாம் என்று ஒரு விசித்திரச் சட்டம் இருந்தது. 2024 ஜூலை முதல் ஒன்றைக்கூட வேண்டுமென்றே விடக் கூடாது. ஆறு வயதுவரை உள்ள குழந்தைகளுக்கு விலக்கு உண்டு.

இறந்தவர்களின் நினைவாகப் பலூன் விட விரும்பும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த ஆசையை நான் குறைத்துப் பேசவில்லை. பள்ளி வளாகத்தில் உங்கள் பிள்ளை தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஒரு மரம் வைக்கலாம். தலைமையாசிரியர் அறைக்கு வாருங்கள், உட்கார்ந்து பேசி முடிவெடுப்போம்.

அப்புறம், விழாவுக்கு என்ன செய்யப்போகிறோம்? தொடக்கத்தில் பிள்ளைகள் தாங்களே சாயம் போட்ட துணிக்கொடிகளை அசைப்பார்கள். மாலையில் பன்னிரண்டாம் வகுப்பினர் பேட்டரி விளக்குகளைக் கையில் ஏந்தித் திடலைச் சுற்றி வருவார்கள். விளக்குகளை விழா முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வோம். பலூன் அலங்காரம் அரங்கத்துக்குள் மட்டும், சாதாரணக் காற்று அடைத்து, கட்டிவைத்தபடி. முடிந்ததும் பொறுப்பாசிரியர் முன்னால் உடைத்து, துண்டுகளை எண்ணிக் குப்பைத்தொட்டியில் போட வேண்டும். உடைந்த பலூன் துண்டு சின்னக் குழந்தைகளின் தொண்டையில் சிக்கும் என்பதால் கீழே ஒன்றும் கிடக்கக் கூடாது.

பலூனுக்காக ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் வகுப்பாசிரியரிடம் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். துணிக்கொடிக்கு அதையே பயன்படுத்தலாம் என்றால், ஒரு சீட்டில் எழுதிக் கையொப்பமிட்டு வரும் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். பழைய வெள்ளைத் துணி, வேட்டி, படுக்கை விரிப்பு எது இருந்தாலும் துவைத்துக் கொடுத்தனுப்பலாம். கிழிசல் இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்